உள்ளப் பிணிக்குப் பிறரிடம் போவது தகுமோ?



ஞாயிறுதோறும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, தம்ம உரை முடிந்து, மக்கள் கலைந்து செல்லும் வேளையில், ஒருவரோ இருவரோ தனித்துப் பேச விழைந்து எம்மிடம் தங்குவது வழக்கம். அவர்தம் பேச்சு தம்மத்தைப் பற்றியதாகத் தொடங்கி, உறக்கமின்மை, காரணம் தெரியாத அச்சம், பிள்ளைகள்மேல் அடங்காச் சினம், எதிலும் விருப்பமற்றுப் போன வெறுமை என்று பிறிதோர் இடத்தில் வந்து நிற்கும். அண்மைக் காலமாக அப்பேச்சின் முடிவில் ஒரே வினா பலராலும் விடுக்கப்படுகின்றது. "உளநல ஆலோசகரைப் பார் என்று டாக்டர் கூறுகிறார். உனக்கு நீயே விளக்காக இரு என்று சொன்ன பகவன் வழி நிற்கும் நாம் அவ்வாறு போகலாமா?" என்பதே அவ்வினா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறி அனுப்புவதினும், கேட்க நாணி வாளாவிருப்போரும் படிக்குமாறு இவ்விதழில் எழுதுதல் நலமெனக் கருதினோம்.

போகலாமா என ஆராயுமுன், போகுமிடம் யாதென அறிதல் வேண்டும். உளச்சிகிச்சை என்பது ஊசியன்று, மாத்திரையன்று, மின்சாரம் பாய்ச்சுவதும் அன்று. பயிற்சி பெற்ற ஒருவர் முன் துன்புற்றவர் வாரம் ஒருமுறை ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அமர்ந்து, தம் உள்ளத்தில் நிகழ்வனவற்றைப் பேசி, அவை எங்கிருந்து எழுகின்றன, எதனால் வளர்கின்றன என்று கண்டு, மாற்றத்தக்கதை மாற்றப் பழகுதலே அது. இந்நாட்டிற்கு அது நேற்று வந்ததுமன்று. 1922-ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் என்னும் மருத்துவர் உளப்பகுப்பாய்வுச் சங்கம் ஒன்றை நிறுவினார். 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஏரன் பெக், மனச்சோர்வுற்றோரின் உள்ளத்தில் தாமாகவே எழும் எண்ணங்களைச் சான்று கொண்டு சோதித்துப் பார்க்கும் முறையொன்றை வகுத்தார். 1979-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியோ, பௌத்தரின் சதியையே அடிப்படையாகக் கொண்டது. நம் வீட்டுப் பரணில் கிடந்த பொருளை அயலார் துடைத்துப் பயன்படுத்தக் கண்டு, "இஃது எவ்வூர்ப் பொருள்?" என்று நாம் வினவும் நிலையில் இருக்கிறோம்!

இனி, விளக்கைப் பற்றிய வினாவிற்கு வருவோம். பகவன் அதனைக் கூறிய இடத்தை நோக்குக. வேளுவ கிராமத்தில் மழைக்காலத்தைக் கழித்தபோது அவருக்குக் கொடிய நோய் கண்டது. அந்நோயினின்று எழுந்தபின், இனிச் சங்கத்தை நடத்துபவர் யாரோ என்று கலங்கிய ஆனந்தருக்குச் சொன்ன மொழியே அது. (தீபம் என்னும் பாலிச் சொல்லுக்கு விளக்கு என்றும் தீவு என்றும் இரு பொருள் உண்டு, எதனைக் கொள்ளினும் ஈண்டுக் கருத்து மாறாது.) தலைவர் ஒருவர் இல்லையே என்று மயங்காதே, வேறு புகலிடம் தேடி அலையாதே என்பதன்றி, நோயுற்றபோது மருத்துவரை விலக்கு என்பது அதன் பொருளாகாது. அவ்வாறு பொருள்படுமாயின், பகவன் தாமே சீவகரிடம் மருந்து ஏற்றதை எங்ஙனம் கொள்வது? சங்கத்தார்க்கு நோய் கண்டால் பார்ப்பதற்கென்று சீவகர் இருந்தார். தென்னாட்டில் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட பண்டிதர் அயோத்திதாசரும் சித்த மருத்துவரே அல்லரோ? ஒரு கையால் ஓலைச்சுவடியைப் புரட்டி மறு கையால் நாடி பார்த்தவர் அவர். தம்மமும் மருத்துவமும் ஒன்றையொன்று முறைத்து நிற்கவேண்டும் என்று அவர் எண்ணியதாக எங்கும் காணோம்.

அங்குத்தர நிகாயத்தில் நோயாளர் மூவகையினர் எனப் பகவன் பகுத்துள்ளார். மருந்தும் பணிவிடையும் கிடைப்பினும் கிடையாவிடினும் தேறாதவர் ஒரு வகை. கிடைப்பினும் கிடையாவிடினும் தேறிவிடுபவர் மற்றொரு வகை. கிடைத்தால் தேறுபவர், கிடையாவிடில் தேறாதவர் மூன்றாம் வகை. இம்மூன்றாமவர் பொருட்டே மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன என்றும், அவர் பொருட்டே மற்ற இருவருக்கும் அவை தரப்பட வேண்டும் என்றும் அவர் அருளினார். யார் எவ்வகை என்று முன்கூட்டி அறிதல் எவர்க்கும் அரிது அன்றோ? எம் மக்களோ தம்மைத் தாமே இரண்டாம் வகையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் தானே சரியாகும்" என்று பத்தாண்டு கழித்துவிடுகின்றனர். உடல்நோய், உளநோய் என நோய் இருவகை என்பதும், உளநோயின்றி ஒரு கணமேனும் இருந்தேன் என்று சொல்லத்தக்கவர் ஆசவங்கள் அற்றவரன்றி உலகில் அரியர் என்பதும் அந்நிகாயமே கூறுவன. பித்தரை மட்டும் பிடித்த பிணி அஃது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

பதாசாரையின் வரலாற்றை நம் பெண்மக்கள் அறிவர். கணவனைப் பாம்பு தீண்ட, மக்கள் இருவரை ஆறும் பருந்தும் கொள்ள, பெற்றோரும் உடன்பிறந்தானும் இடிந்த வீட்டினுள் மாள, ஆடை சோர்ந்ததும் அறியாது சாவத்தி வீதிகளில் அலைந்தவள் அவள். பித்தியென்று விரட்டினர் மக்கள். பகவன் அவளை அருகழைத்து நினைவை மீட்கச் செய்தார். அவையிலிருந்த ஒருவன் தன் மேலாடையை எறிந்தான். அதன்பின் அவள் நிகழ்ந்ததனைத்தையும் தன் வாயால் கூறினாள். முதலில் விரட்டாத ஓர் இடம், பின்னர் மானம் காக்கும் ஒரு துணி, அதன்பின் முழுக்கதையையும் கேட்கும் ஒரு செவி. அறவுரை அவற்றிற்குப் பின்னரே வந்தது. எம்போன்ற உபதேசிகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி அறவுரையை முதலில் நீட்டுகின்றோம் என்பதை மறைத்துப் பயனில்லை.

"இது முன்வினை, அனுபவித்தே தீரவேண்டும்" என்று கூறுவோர்க்கு ஒரு சொல். இவ்வுரை நம்மிடையே எங்கிருந்து வந்து புகுந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புதற்கு உரியது. மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன், மனிதன் அடையும் இன்பதுன்பம் யாவும் முற்செயலின் பயனே என்பது மெய்யோ என வினவினான். பகவன் அதனை மறுத்தார். பித்தத்தால், சிலேட்டுமத்தால், வாதத்தால், அவை மூன்றும் கூடுதலால், பருவ மாறுதலால், ஒழுங்கற்ற நடப்பால், பிறர் தாக்குதலால் வரும் துன்பங்களும் உள. வினையின் பயன் எட்டில் ஒன்றே என எண்ணிக் காட்டினார். எட்டில் ஏழை மறந்து ஒன்றையே நம் தலைமீது ஏற்றியவர் எவர், அதனால் யாருக்கு ஆதாயம் என்பதை 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் பாபாசாகேப் காட்டிய வழியில் வந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சேரியில் பிறந்ததற்குச் சொன்ன அதே காரணத்தைச் சித்தம் கலங்கியதற்கும் சொல்வதைப் பொறுத்துக் கொள்ளலாகாது.

"தியானம் செய்தால் போதாதா?" என்பர் சிலர். சிலர்க்குப் போதும், சிலர்க்குப் போதாது, சிலர்க்கு அக்காலத்தில் அது தீங்காதலும் உண்டு. பத்து நாள் பேச்சொழிந்து அமரும் விபசனா முகாம்களை நடத்தும் கோயங்கா வழியினரே, கடும் மனநோய் உடையோர்க்கு அப்பயிற்சி ஏற்றதன்று என்று தம் அறிவிப்பில் எழுதி, விண்ணப்பத்திலும் அதுபற்றிக் கேட்டு வாங்குகின்றனர். கண்ணை மூடியவுடன் பழைய கொடுமை முன்வந்து நிற்கும் ஒருவரை, "இன்னும் உறுதியாக மூடு" என்று வற்புறுத்துவது எவ்வறத்தில் சேரும்?

மற்றொரு வினாவும் உண்டு. அதனை எம்மிடம் நேரே கேட்பவர் குறைவு. ஆயினும் பலர் மனத்தில் இருப்பது தெரிகிறது. "உபதேசியார் நீங்கள் இருக்கும்போது அயலார் எதற்கு?" என்பது. இதற்குச் சற்று விரிவாகவே விடை கூறல் வேண்டும்.

யாம் நூற்பாலையில் கதிர்களுக்கிடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவர். அவ்விரைச்சலில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பது உதட்டசைவைக் கொண்டே. எம் செவியின் கூர்மை பாதி அங்கேயே போயிற்று. ஆதலின் கேட்டலின் அருமையை நன்கறிவோம். ஆயினும், ஓர் உபதேசி கேட்பதற்கும் உளச்சிகிச்சையாளர் கேட்பதற்கும் வேறுபாடு உளது. எம்மிடம் வருபவரின் மாமியாரும் எம்மிடம் வருகிறார். அவர் கணவர் நம் சங்கத்தின் பொருளாளராகவும் இருக்கக்கூடும். அவர் சொல்வதைக் கேட்கும்போதே, குடும்பம் உடையலாகாதே, சங்கத்திற்கு இழுக்கு வரலாகாதே என்னும் விருப்பம் எம்முள் எழுகிறது. அவ்விருப்பம் நல்லதே, ஆனால் கேட்கும் செவியை அது கோணச் செய்யும். உளச்சிகிச்சையாளருக்கோ எவரோடும் கொள்வினை கொடுப்பினை இல்லை. அவரிடம் கூறியதை அவர் வெளியிடலாகாது என்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் உரிமையாகவே எழுதப்பட்டுள்ளது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை, நீதிமன்ற ஆணை, குழந்தைகள்மீது இழைக்கப்படும் பாலியல் கொடுமை போன்ற சில இடங்களிலேயே விலக்கு உண்டு. அவற்றை முதல் நாளிலேயே அவர் விளக்கவேண்டும். எந்த உபதேசியாவது, "என்னிடம் சொன்னால் போதும், வேறெங்கும் போகாதே" என்று கூறுவாராயின், அவர் காப்பது உம் நலத்தையன்று, தம் இடத்தை.

கூலி கொடுத்துக் கேட்கச் செய்வது கலியாண மித்திரத் தன்மைக்கு இழுக்கு என்றும் சிலர் கூறினர். சீவகர் செல்வரிடம் பெரும்பொருள் பெற்றவரே. கூலி வாங்கியதால் அவர் கை மருந்து கசக்கவில்லை.

இதுகாறும் கூறியவை எளியவை. இனிக் கூறப்போவது எமக்கே எளிதன்று.

நம் இளைஞர் சிலர் எம்மிடம் இவ்வாறு வாதிடுகின்றனர்: "நோய் எம்மிடத்தில் இல்லை, சமூகத்தில் இருக்கிறது. கல்லூரி விடுதியில் நுழைவுத்தேர்வில் உன் தரவரிசை எண் என்ன என்று கேட்டு எம் சாதியைக் கண்டுபிடிக்கிறவன் நலமாக உறங்குகிறான்; உறங்காத யாம் மருந்துக்குப் போகவேண்டுமா? எம்மை நோயாளி என்றால், கொடுமை செய்தவன் குற்றமற்றவன் ஆகிவிடுகிறானே!" இவ்வாதத்தை எளிதில் தள்ளுதல் நேர்மையாகாது. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் விடுதியினின்று வெளியேற்றப்பட்ட ஆய்வு மாணவர் ஐவருள் ஒருவராகிய ரோகித் வெமுலா 2016 சனவரி 17 அன்று உயிர் நீத்தார். அவருடைய தாயும் தம்பியும் அவ்வாண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் பம்பாய்த் தாதரில் பௌத்தம் தழுவினர், நம்மவராயினர். அத்தாயிடம் சென்று, "உம் மகன் ஓர் ஆலோசகரைப் பார்த்திருக்கலாமே" என்று கூறத் துணிபவர் எவர்? அநீதியை நோயென்று பெயர் மாற்றி எழுதும் பழக்கம் ஆளுவோர்க்கு வசதியானது. விசாரணைக் குழு அமைப்பதைவிட ஆலோசனை அறை அமைப்பது செலவு குறைந்தது.

இவ்வளவும் உண்மை. எனினும் அவ்விளைஞர் முடிவில் பிழை செய்கின்றனர் என்றே கருதுகிறோம். காரணம் கூறுவோம்.

அம்பு பற்றிய உவமைகள் இரண்டு சுத்தங்களில் உள. ஒன்றில், அம்பு தைத்தவன் உடல் வலியோடு நில்லாது, புலம்பி, மார்பில் அறைந்து, இரண்டாம் அம்பொன்றைத் தானே வாங்கிக்கொள்கிறான் எனப் பகவன் கூறுகிறார். அறிவுடைய சாவகனுக்கு இரண்டாவது இல்லை, முதலாவது உண்டு. முதல் அம்பு வலிக்காது என்று அவர் கூறவே இல்லை என்பதைக் கருத்தில் இருத்துக. உளச்சிகிச்சையின் தொழில் இரண்டாம் அம்போடுதான். "நான் தகுதியற்றவன்", "என்னால் என் குலத்தார்க்கு இழிவு", "இனி விடிவே இல்லை" என்று கொடுமைக்குள்ளானவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொற்கள் உள்ளனவே, அவை எய்தவனுடைய சொற்கள். நம் வாயில் குடிபுகுந்தவை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சான்று கேட்டு வெளியேற்றுவது எய்தவனுக்குச் சாதகம் ஆகாது. அவனுடைய படையை நம் வீட்டினின்று துரத்துவதாகும். முதல் அம்புக்கு வேண்டுவது வேறு: வழக்கு, 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சங்கம், போராட்டம். சட்டத்தை நாடியவன் மருத்துவரை நாடலாகாது என்றோ, மருத்துவரை நாடியவன் வழக்கை விடவேண்டும் என்றோ எங்கும் விதியில்லை.

மற்றைய உவமை மாலுங்கியபுத்தருக்குக் கூறப்பட்டது. நஞ்சு தோய்ந்த அம்பு பட்ட ஒருவன், எய்தவன் அரசகுலமா பார்ப்பனகுலமா, கறுத்தவனா சிவந்தவனா, வில் எம்மரத்தது என்றெல்லாம் அறிந்த பின்னரே பிடுங்க விடுவேன் என்று மருத்துவனைத் தடுக்கிறான். அறியுமுன் அவன் மாள்கிறான். அவ்வுவமை உலகத்தின் தோற்றம் பற்றிய வீண் வினாக்களுக்குச் சொன்னது என்பதை அறிவோம். ஆயினும் எய்தவனின் சாதியை வினவும் வினா அதில் முதலிற் கிடப்பதைப் படிக்கும்போதெல்லாம் நம் பிள்ளைகளின் நினைவே எழுகிறது. பிடுங்கிய பின்னர் எய்தவனைத் தேடலாகாது என்று அச்சுத்தம் கூறவில்லை. உயிரோடு இருப்பவனே தேடவும் வல்லவன்.

எதிர்ப்புறத்துப் பிழையும் உண்டு. அதனையும் கூறியாக வேண்டும். உளச்சிகிச்சையாளருள் பெரும்பாலோர் எக்குடியில் பிறந்தோர், எவ்விடத்தில் வளர்ந்தோர் என்பது வெளிப்படை. நம்மவள் ஒருத்தி தன் அலுவலகத்தில் தண்ணீர்ச் செம்பு தனியே வைக்கப்படுவதைக் கூறினால், "நீங்கள் அப்படி நினைத்துக்கொள்கிறீர்கள்" என்றோ, "இப்போதெல்லாம் சாதி எங்கே இருக்கிறது?" என்றோ கூறுவோரும் அத்தொழிலில் உளர். அவர் முதல் அம்பை இரண்டாவது என்று மயங்குபவர். ஆகவே எம் யோசனை இது. முதலிரு சந்திப்புகளுக்குள் சாதி பற்றிய ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்லுக. சொன்னபின் அவர் முகத்தையும் அடுத்த வினாவையும் நோக்குக. "அப்போது என்ன நடந்தது?" என்று மேலும் கேட்பாராயின் தொடர்க. பேச்சை வேறுபுறம் திருப்புவாராயின், கட்டிய பணம் போனாலும் போகட்டும் என்று எழுந்து வருக. ஒருவர் பொருந்தவில்லையெனில் மற்றொருவரை நாடுதல் நோயாளரின் உரிமை. அதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். சைக்கியாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ்.-க்கு மேல் படித்தவர். மாத்திரை எழுதும் உரிமை உடையவர். மருத்துவ உளவியலர் மாத்திரை எழுதுவதில்லை, எம்.பில். பட்டமோ அதற்கிணையான பயிற்சியோ பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவராதல் வேண்டும். அப்பதிவெண்ணைக் கேட்பது அவமதிப்பாகாது. மேஸ்திரியிடம் கூலிச்சீட்டைக் கேட்பது போன்றதே. 'கவுன்சிலர்' என்னும் பலகையை மாட்டிக்கொள்வோர் பலர். சில மாதச் சான்றிதழ் ஒன்றே கொண்டோரும் அவருள் உளர். படிப்பு குறைந்தோர் யாவரும் பயனற்றவர் என்று இதனால் கொள்ளற்க. கோவாவில் சங்காத் என்னும் நிறுவனம், மருத்துவம் படியாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சியளித்து, ஆறு முதல் எட்டுச் சந்திப்புகளில் மனச்சோர்வுக்கு உதவச் செய்து, அதனை முறைப்படி ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டது. பயன் மெய்யாகவே இருந்தது. அங்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. பலகை மட்டும் மாட்டியோரிடம் அவை இரண்டும் இல்லை.

பெருநகரங்களில் தனியார் ஒரு சந்திப்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேலும் கேட்கின்றனர். நம்மவர்க்கு அஃது இயலாது. பெங்களூரிலும் தங்கவயலிலும் வாழ்வோர்க்கு நிம்ஹான்ஸ் எட்டும் தொலைவில் உளது. விடியலில் தங்கவயலினின்று வேலைக்குப் புறப்படும் ரயிலிலேயே போய் வரலாம். பிற ஊரார் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவையும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையும் நாடுக. ஈ.எஸ்.ஐ. அட்டை உடையோர் அங்கும் வினவுக. கூட்டம் மிகுதி, காத்திருத்தல் நீளும், டாக்டர் ஐந்து நிமிடமே பேசுவார் என்பன மெய்யே. அங்கு உளவியலரிடம் அனுப்புமாறு வாய்திறந்து கேட்கவேண்டும். கேளாதவர்க்குச் சீட்டு மட்டுமே கிடைக்கும். மாத்திரை தரப்பட்டால், தேறிவிட்டது என்று தாமாகவே நிறுத்தலாகாது. அந்நிம்ஹான்ஸ் 2015-16-இல் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலக் குறை உடையோர் என்றும், அவருள் மிகப் பெரும்பாலோர் மருத்துவமே பெறவில்லை என்றும் கண்டது.

தொலைவிலிருந்தே, கைப்பேசி வழியே பேசுவது நேரில் போவதற்கு ஈடாகுமா என்று பலர் கேட்கின்றனர். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பெரிதும் ஈடாகும் என்றே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஒரு நாள் கூலியை இழவாது, பேருந்துச் செலவின்றி, தமிழ் பேசும் ஒருவரைப் பிறமொழி மாநிலத்தில் இருந்தவாறே அடையலாம் என்பது நம்மவர்க்குச் சிறு பயனன்று. துயரத்தை எம்மொழியில் அழுகின்றோமோ அம்மொழியிலேயே கூறவேண்டும். ஆயினும் தாராவியிலோ தங்கவயலின் பழைய லைன் வீடுகளிலோ ஒற்றை அறையில் அறுவர் வாழ்கையில், யார் காதிலும் விழாது பேசுவது எங்ஙனம்? தன்னை அடிப்பவன் பக்கத்திலேயே அமர்ந்திருக்க, ஒரு பெண் கைப்பேசியில் எதைக் கூறுவாள்? அத்தகையோர்க்கும், இல்லாத குரல் காதில் கேட்போர்க்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வலுத்தோர்க்கும் நேரில் போதலே தக்கது. மனிதரின்றி இயந்திரமே விடை எழுதும் செயலிகளும் இன்று உள. இரவில் அவற்றோடு பேசி ஆறுதல் அடைவோரை நாம் ஏசவேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பதிவெண்ணும் இல்லை, பொறுப்பும் இல்லை. நள்ளிரவில் உயிர் ஊசலாடும்போது கதவைத் தட்டி வர அதனால் ஆகாது.

2022 அக்டோபர் 10-இல் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொரு வீட்டிலும் நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைக்குமாறு வேண்டுகிறோம். தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீசு பிடிக்கும் என்று அஞ்சி மறைப்போர் இன்றும் உளர். அவ்வச்சம் வேண்டா. முயன்றவர் கடும் உள அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும் என 2017-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய பிரிவு இல்லை.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆலைகள் மூடப்பட்டபின்னும், 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின்னும் எத்துணைப் பேர் அதில் வீழ்ந்தனர் என்பதை எம் தலைமுறையினர் கண்ணாரக் கண்டுள்ளோம். ஐந்தாம் சீலத்தை மீறியவர் என்று நாணி அவர் விகாரைக்கும் வருவதில்லை, மருத்துவரிடமும் போவதில்லை. சீலம் தவறியது ஒன்று, பிணி பிடித்தது ஒன்று. இரண்டாவதற்கும் மருத்துவம் உண்டு. சித்தம் கலங்கிய நிலையில் பிக்கு செய்தது குற்றமாகாது என்று வினயமே விலக்கு அளித்திருக்க, உபாசகரை நாம் ஏன் கடுமையாக அளக்கவேண்டும்?

கடைசியாக, தாய்மார் தாழ்ந்த குரலில் கேட்பது: "தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? சொல்லாமல் விடலாமா?" சிகிச்சையாளர் சொல்லமாட்டார், நீங்கள் சொல்லவேண்டுமா என்பதே வினா. பொய் பேசாமை நான்காம் சீலம். ஆயினும் கேளாத அயலார்க்கெல்லாம் நம் வீட்டின் உள்ளறையைத் திறந்து காட்டுதல் சீலத்தின் பாற்பட்டதன்று. சில மாதம் பேசித் தேறிய ஒரு துயரத்தை, எவரும் சம்பந்தம் பேசும் கூடத்தில் எடுத்து வைக்கவேண்டியதில்லை. நெடுநாள் மருந்து உண்ணவேண்டிய நோயாயின், மணக்கப்போகும் அவ்வொருவருக்கு, மணநாளுக்கு முன், மகளே நேரில் சொல்லிவிடுதல் நன்று. நீரிழிவு உடையவரும் அவ்வாறே சொல்லக் கடமைப்பட்டவர். கேட்டு விலகுபவன் விலகட்டும். மறைத்து மணந்து, மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து உண்டு, அதற்கு அஞ்சியே மாத்திரையை விட்டவர்கள் பட்ட துன்பம் அதனினும் பெரிது.

இடமின்மையால் கைப்பேசியில் பேச இயலாதார்க்கு ஒரு செய்தி. விகாரையின் நூல் வைக்கும் சிற்றறைக்குக் கதவும் தாழும் உண்டு. சங்கத்தார் இசைந்தால், வேலை நாள்களில் மாலை ஐந்து முதல் எட்டு வரை அவ்வறையை, எதற்கென்று கேளாமல், வேண்டுவோர்க்குத் திறந்துவிடலாம் என்பது எம் கருத்து. சாவியை வாங்குபவர் பெயரைப் பதிவேட்டில் எழுதவேண்டுமா என்பதை வரும் பௌர்ணமிக் கூட்டத்தில் முடிவு செய்க. எழுதவேண்டா என்பதே எம் வாக்கு.